வாவிப் பக்கம் சரியும் வளவில் பழைய டெக்கை நீட்டுவது

மட்டக்களப்பில் வாவிக்கரை வளவுகள் பல, வீதிப் பக்கம் உயர்ந்து தண்ணீர்ப் பக்கம் சரிந்திருக்கும். பின்விறாந்தையை ஒட்டி 8 அடி, 10 அடி என்று ஒரு பலகை டெக் (நிலத்திலிருந்து உயர்த்திய மரத்தளம்) அடித்தவர்களுக்குச் சில காலத்தில் இடம் காணாமல் போகிறது. ஒரு மேசையும் நாலு கதிரையும் போட்டால் நடக்க வழியில்லை. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் மணல் மேட்டில் விடுதி நடத்துபவர்களுக்கும் இதே தேவைதான். நீட்டுவோம் என்று முடிவெடுத்தவுடன் ஓடாவியைக் கூப்பிட்டு, பழைய டெக்கின் முகப்புப் பலகையில் புதிய தீராந்திகளை (பலகையைத் தாங்கும் மரச் சட்டங்களை) ஆணியடித்துத் தொங்கவிட்டு, மறுபக்கம் இரண்டு கால் நடுவது வழக்கமாகிவிட்டது. சரிவு வளவில் இதைச் செய்யவே கூடாது. புதிய பகுதிக்குத் தன் சொந்த வளை (தீராந்திகளைத் தாங்கும் குறுக்கு மரம்), சொந்தக் கால், சொந்த அத்திவாரம் மூன்றும் வேண்டும். பழையதும் புதியதும் பக்கத்தில் நிற்கலாம். ஒன்றை ஒன்று தாங்கக்கூடாது.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். பழைய டெக் வீட்டிலிருந்து 10 அடி நீட்டி நிற்கிறது, வெளிவளை 9 அடியில், கால்கள் 6 அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆட்களின் பாரம் சதுர அடிக்கு 40 இறாத்தல், மரத்தின் சொந்தப் பாரம் 20 இறாத்தல், ஆக 60. நடுக்கால் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 33 சதுர அடி, அதாவது 2,000 இறாத்தல். அதன் முகப்பில் இன்னொரு 9 அடித் தளத்தைத் தொங்கவிட்டால் அந்தத் தளத்தின் பாதிப் பாரமும் இந்தக் காலுக்கே வந்து, மொத்தம் 3,800 இறாத்தலுக்கு ஏறிவிடும். பழைய அத்திவாரம் 18 அங்குலச் சதுரம் என்றால் மண்ணில் இறங்குவது சதுர அடிக்கு 900 இறாத்தலிலிருந்து 1,700க்குப் போகிறது. தளர்ந்த மணலுக்கு 1,500ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. சரிவில் உயரமான கால்கள் வெளிவரிசைக் கால்களே. வீடு கட்டியபோது கொட்டிப் பரப்பிய மண்ணில் நிற்பவையும் பெரும்பாலும் அவையே. பலவீனமான இடத்தில்தான் இரட்டைப் பாரம் ஏறுகிறது.

பழையதைத் தட்டிப் பார்ப்பது

புதிய வேலைக்கு முன் பழைய டெக்கின் கீழே போய் ஒரு ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் கொங்கிரீட்டைத் தொடும் அடிப்பகுதி, வளையின் மேல்முகம், தீராந்திகளின் நுனி, பலகை ஆணி இறங்கிய கோடு. இந்த நாலு இடத்தில்தான் உக்கல் தொடங்கும். முனை அரை அங்குலம் இலகுவாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். கால்களில் பென்சில் தடிப்பில் மண்கோடு ஏறியிருந்தால் கறையான். கோட்டை மட்டும் உடைத்துவிடுவதால் பயனில்லை. அது ஏறிவரும் மண்ணுக்கு மருந்து போட வேண்டும். மரம் மண்ணைத் தொடும் இடம் இருந்தால் அதை நீக்க வேண்டும்.

பிறகு ஒரு நைலோன் நூலை வெளிவளையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்திருந்தால் எந்தக் கால் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும் டெக்கோடு புதிய தளத்தை மட்டம் பொருத்தினால் அடுத்த மாரியில் இடையில் படி விழும், கால் தடுக்கும். முதலில் பழையதை ஜக்கி வைத்துத் தூக்கிச் சரி செய்துவிட்டே அடுத்த வேலை.

சரிவை அளப்பது

மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும். 30 அடி ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் தண்ணீர். ஒரு நுனியைப் பழைய டெக்கின் பலகை மேல்மட்டத்தில் பிடித்து, மறு நுனியைப் புதிய கால் வரும் இடத்தில் நட்ட கம்பில் வைத்து அந்த மட்டத்தைக் குறியுங்கள். குறியிலிருந்து நிலம் வரை அளந்தால் அந்த இடத்தின் உயரம் வரும். கால் வரும் ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். சரிவு நேர்கோடாக இருப்பதில்லை. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடிய தடத்தில் 6 அங்குலம் தாழ்ந்திருக்கும்.

இனி வரும் கணக்கெல்லாம் ஒரே உதாரணத்துக்கு: 14 அடி அகலம், வெளியே 9 அடி நீட்சி, 4 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவு, பழைய டெக்கின் விளிம்பு நிலத்திலிருந்து 3 அடி உயரம். வெளி விளிம்பில் உயரம் 5 அடி 3 அங்குலமாகும். முதல் வளை பழைய விளிம்பிலிருந்து 2 அடி தள்ளி, இரண்டாவது வளை 8 அடியில். தீராந்தி முதல் வளையிலிருந்து பின்னால் 2 அடியும் இரண்டாவது வளையிலிருந்து முன்னால் 1 அடியும் நீட்டி நிற்கும், நடுவில் 6 அடி. ஒவ்வொரு வளைக்கும் 3 கால், 6 அடி இடைவெளி, மொத்தம் 6 கால்.

முதல் வளையை ஏன் பழைய விளிம்போடு ஒட்டி வைக்காமல் 2 அடி தள்ளுகிறோம்? பழைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கிடங்கு தோண்டினால் அதன் கீழுள்ள மணல் புதிய கிடங்குக்குள் சரியும். பழைய கால் அதோடு இறங்கும். இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதங்களில் பல இப்படித்தான் வருகின்றன. எனவே முதல் வரிசைக் கிடங்கின் அடிமட்டம் பழைய அத்திவாரத்தின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போகக்கூடாது. போக வேண்டி வந்தால், மணலில் ஒவ்வொரு அடி மேலதிக ஆழத்துக்கும் 2 அடி விலக வேண்டும். புதிய கால்களைப் பழைய கால்களுக்கு நேர் எதிரே வைக்காமல் இரண்டு பழைய கால்களுக்கு நடுவே வருமாறு மாற்றி வைத்தால் தூரம் தானாகவே கூடும். கிடங்குகளை ஒரே நாளில் வரிசையாகத் தோண்டிப் போடாமல், ஒன்றைத் தோண்டிக் கொங்கிரீட் போட்டு மூடிய பிறகு அடுத்தது. பழைய வெளிவளைக்குக் கீழே அந்த நாட்களில் இரண்டு முட்டுக் கொடுத்து வையுங்கள்.

மண்

வாவிக்கரையிலும் மணல் மேட்டிலும் மேலே இருப்பது மணல். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரை முழுக்க ஏறக்குறைய இப்படித்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறையின் உட்பகுதியிலும் களியும் கிரவலும் வரும். எந்த மண்ணானாலும் கொட்டி நிரப்பிய மண்ணைக் கடந்து சொந்த மண்ணுக்குப் போக வேண்டும். கிடங்கில் செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு, பொலித்தீன் வந்துகொண்டிருக்கும் வரை அது நிரப்பிய மண்தான். அலவாங்கை இடுப்பு உயரத்திலிருந்து நேராக விட்டால் நிரப்பிய மண்ணில் ஆழமாக இறங்கும். இறுகிய மண்ணில் சில அங்குலத்தோடு நிற்கும். எல்லாக் கிடங்கிலும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்ப்பதற்கே இந்தச் சோதனை. ஒரு கிடங்கில் மட்டும் அதிகம் இறங்கினால் அதை இன்னும் தோண்டுங்கள்.

சரிவில் ஆழத்தை எப்போதும் இறக்கப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். மேட்டுப் பக்கத்தில் 3 அடி என்று டேப் காட்டும். அதே கிடங்கின் இறக்கப் பக்கத்தில் 2 அடி 6 அங்குலம்தான் இருக்கும். மழை அரிப்பது இறக்கப் பக்கத்தையே. வெளிவரிசைக்கு இறக்கப் பக்கத்தில் 3 அடி குறையாமல் இருக்கட்டும். கிடங்கின் அடி சரிவைப் பின்தொடராமல் தண்ணீர் மட்டம் போல் தட்டையாக இருக்க வேண்டும். சரிந்த அடியில் போட்ட கொங்கிரீட் நனைந்த மண்ணில் கீழ்நோக்கி நகரப் பார்க்கும்.

மணலில் இரண்டரை அடிக்குக் கீழே போனால் சுவர் இடிந்து விழத் தொடங்கும். ஆள் இறங்கித் தோண்டுவது ஆபத்து. 3 அடி விட்டமுள்ள கிணற்று வளையத்தை வைத்து உள்ளேயிருந்து மண்ணை அள்ளினால் வளையம் தானாக இறங்கும். 2 அடிச் சதுர அத்திவாரத்தின் மூலைவிட்டம் 2 அடி 10 அங்குலம் என்பதால் வளையத்துக்குள் அடங்கும். வளையத்தை எடுக்க வேண்டியதில்லை, அங்கேயே விட்டு மண்ணை நிரப்பலாம். வெளிவரிசை மூன்று கிடங்குக்கு மட்டும் இந்தச் செலவு போதும்.

நீர்மட்டத்தைக் கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள். வடகீழ்ப் பருவமழையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டு வெட்டப்படும் வரை வாவித் தண்ணீர் தாழ்ந்த வளவுகளுக்குள் நின்றுவிடும். 2011 சனவரி வெள்ளத்தில் தண்ணீர் எந்த மதில் வரை வந்தது என்று அயலில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கோட்டைக் கேட்டு வளவில் குறித்துவிட்டு, மர வளை அதற்கு மேலே வருகிறதா என்று பாருங்கள். நீர் ஊறிய மணல் தாங்கும் பாரம் காய்ந்த மணலின் பாதியளவுக்கு இறங்கிவிடும். இதனால்தான் 2 அடிச் சதுரம் சொல்கிறேன். நம் உதாரணத்தில் நடுக்காலுக்கு வரும் 1,800 இறாத்தலும் கொங்கிரீட்டின் சொந்தப் பாரம் ஏறத்தாழ 870 இறாத்தலும் சேர்ந்தாலும் சதுர அடிக்கு 700ஐத் தாண்டாது. 1,500இன் பாதிக்குள் அடங்கிவிடும்.

காலுக்குக் கொங்கிரீட், மேலே மரம்

மரக்காலை மண்ணில் நடுவதை நம் பக்கத்தில் விட்டுவிடலாம். பாலை மரமே ஆனாலும் மண்மட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் அந்த ஓரடியில்தான் உக்கும். கறையானும் அங்கேதான் நுழையும். பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) கால்கள் உப்புக் காற்றில் உள்ளேயிருந்து துருப்பிடிக்கின்றன. வெளியே தீந்தை நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்திருக்கும். 9 அங்குலச் சதுரக் கொங்கிரீட் தூணை மரம் வரை உயர்த்தி, அதற்கு மேலே மட்டும் மர வேலை செய்வதுதான் இந்தக் கரைக்குப் பொருத்தம். நிலத்துக்கு மேல் 6 அங்குலமாவது வெறும் கொங்கிரீட் தெரிந்தால் கறையான் கோடு ஏறுவது கண்ணில் படும்.

கிடங்கின் அடியில் 2 அங்குலம் மெலிந்த கொங்கிரீட், அதன் மேல் 2 அடிக்கு 2 அடி, 9 அங்குலத் தடிப்பு அத்திவாரம். அதற்குள் 10 மில்லிமீற்றர் கம்பி இரு பக்கமும் 6 அங்குலத்துக்கு ஒன்று. தூணுக்கு 12 மில்லிமீற்றர் கம்பி 4, அடியில் ஓரடி மடித்து வலையின் மேல் கட்ட வேண்டும். 6 மில்லிமீற்றர் வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று. கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் 2 அங்குலம் கொங்கிரீட் இருக்க வேண்டும். உப்பு கம்பியை எட்டும் காலத்தை அந்த 2 அங்குலம்தான் தள்ளிப்போடுகிறது. கம்பியை மண்ணில் வைத்துவிட்டுக் கொங்கிரீட் ஊற்றும்போது அலவாங்கால் தூக்கிவிடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. வேண்டாம். 2 அங்குலக் கொங்கிரீட் கட்டைகளை முதல் நாளே வார்த்து அவற்றின் மேல் வையுங்கள்.

கலவை சீமெந்து 1க்கு மணல் ஒன்றரைக்குச் சல்லி 3. ஆறு அத்திவாரமும் சராசரி 5 அடித் தூண் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கன மீற்றர் வரும். 50 கிலோ சீமெந்து 8 பை, சேதத்துக்கு ஒன்று சேர்த்து 9 பை. மணல் 15 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி 30 கன அடி. 100 கன அடி ஒரு கியூப் என்பதால் சின்ன லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வருமளவுதான். 12 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளத்தில் 10, 10 மில்லிமீற்றர் 5. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மண்ணும், கோடையில் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரும் கம்பியைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் குழையுங்கள். கிடங்கில் ஊற்று நின்றால் இறைத்துவிட்டு ஊற்ற வேண்டும். தண்ணீருக்குள் கொட்டிய கலவையிலிருந்து சீமெந்து கழுவிப் போய்விடும்.

கச்சான் என்ற வறண்ட கோடைக் காற்று அடிக்கும் மாதங்களில் தூண் சில மணி நேரத்திலேயே வெளியே காய்ந்துவிடும், உள்ளே இறுகியிராது. பலகை கழற்றியவுடன் சாக்கைச் சுற்றி 7 நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 14 நாளுக்கு முன் வளை ஏற்றாதீர்கள்.

தூணின் உச்சி எந்த உயரத்தில் நிற்க வேண்டும்? பழைய பலகையின் மேல்மட்டத்திலிருந்து கீழே எண்ணுங்கள்: பலகை 1 அங்குலம், தீராந்தி 6, வளை 6, அடித்தகடு கால் அங்குலம். ஆக 13 அங்குலமும் காலும். ஆறு தூணையும் தண்ணீர்க் குழாயால் தனித்தனியே அந்த மட்டத்துக்கு வெட்டுங்கள். நிலத்துக்கு மேல் முதல் வரிசைத் தூண் 2 அடி 5 அங்குலம், வெளிவரிசை 3 அடி 11 அங்குலம் அளவில் வரும். 4 அடிக்கு மேல் போனால் மேட்டுத் தூணையும் இறக்கத் தூணையும் நிலமட்டத்தில் ஒரு கொங்கிரீட் பீமால் இணைத்துவிடுங்கள். அப்போது தூண் தனியே சாயாது.

தூண் உச்சியில், ஈரக் கொங்கிரீட்டிலேயே ஒரு இரும்புச் செருப்பு பதிக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்பு, 2 அங்குல அகலப் பட்டையை யூ வடிவில் வளைத்து, கீழே இரண்டு 12 மில்லிமீற்றர் கம்பி ஓரடி நீளத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். வெல்டிங் கடையில் ஒரு மணி நேர வேலை. ஒட்டி முடித்த பிறகே கல்வனைஸ் செய்ய வேண்டும்; கல்வனைஸ் செய்த பட்டையை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்து அங்கேயே துரு தொடங்கும். செருப்பின் உள் அகலம் 4 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இரட்டை 2க்கு 6 வளை இறங்குமாறு. வளைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு துண்டு தார்த்தாள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. காற்று கீழேயிருந்தும் தூக்கும் என்பதால் வளையைத் தூணின் மேல் சும்மா வைத்துவிடாமல் செருப்பில் இரண்டு 12 மில்லிமீற்றர் போல்ட் போட்டு இறுக்குங்கள். பின்னாளில் கூரை போடும் எண்ணம் இருந்தால் காற்று தூக்கும் விசை பலமடங்காகும். அத்திவாரத்தையே அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும் என்பதால் இப்போதே ஒரு பொறியியலாளரிடம் காட்டிவிடுங்கள்.

மரம்

பாலையும் முதிரையும் வெளி வேலைக்கு முதல் தரம். பாலை தண்ணீரில் அமிழும் பாரம். 2க்கு 6, 9 அடித் தீராந்தி ஒன்று 50 இறாத்தல் வரும். துளை போடாமல் ஆணி ஏறாது, ஏற்றினால் வெடிக்கும். தேக்கு நல்லதுதான், வைரம் (முற்றிய நடுமரம்) மட்டும். தோட்டத்தில் வளர்ந்த இளந்தேக்கில் வெளிறிய ஓரம் அதிகமாக இருக்கும். அந்த ஓரம் சில மாரியில் உக்கிவிடும். பனை கூரைக்குள் காலம் காலமாக நிற்கும் மரம். மழை படும் தீராந்திக்கு மட்டும் வேண்டாம். வெளிவளையம் இரும்பு போல் இருந்தாலும் உட்பக்கச் சோறு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தென்னையும் அப்படியே. மரம் விற்கும் காலையில் (மரக்காலையில்) ரசீதோடு வாங்குங்கள். காட்டு மரத்தை ஏற்றி வர அனுமதிப் பத்திரம் வேண்டும், வழியில் மறித்தால் பொறுப்பு உங்களுடையது.

வளை நான்கு துண்டு 14 அடி. அந்த நீளம் கிடைக்காவிட்டால் நடுத்தூணின் மேலேயே ஒட்டு வர வேண்டும், இரண்டு துண்டின் ஒட்டும் ஒரே தூணில் வராமல் பார்ப்பது இன்னும் நல்லது. தீராந்தி 16 அங்குலத்துக்கு ஒன்றாக 12. முன்னும் பின்னும் முகப்புப் பலகை, வளையின் மேல் தீராந்திகளுக்கு இடையே அடைப்புக் கட்டைகள். எல்லாம் சேர்த்து 2க்கு 6 மரம் 240 அடி எடுத்தால் வெட்டுச் சேதமும் அடங்கும். 6 அடி இடைவெளிக்கு 2க்கு 5 தீராந்தியே பாரம் தாங்கும். 6 அங்குலம் சொல்வது கைபிடிக் கால்களின் போல்ட்டுக்காக, அதைப் பிறகு பார்ப்போம். வெட்டிய ஒவ்வொரு நுனிக்கும் அன்றே இரண்டு பூச்சு எண்ணெய் அல்லது தார்ப் பூச்சு. மரம் தண்ணீர் குடிப்பது நுனியால்தான். தீராந்தியின் மேல்முகத்தில் தார்த்தாளை இரண்டரை அங்குலப் பட்டியாக வெட்டி ஒட்டினால் ஸ்குறூத் துளை வழியே இறங்கும் தண்ணீர் மரத்துக்குள் நிற்காது. மலிவான வேலை, தீராந்தியின் ஆயுளுக்கு இதைப்போல் உதவுவது வேறில்லை.

பழையதும் புதியதும் சேரும் கோடு

இரண்டு தளத்துக்கும் இடையே முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். போல்ட் வேண்டாம், ஆணி வேண்டாம். புதிய அத்திவாரம் முதல் மாரியில் கொஞ்சம் அமுங்குவது இயல்பு. கட்டிவிட்டால் அமுங்கும்போது பழைய முகப்பைக் கீழே இழுக்கும். இடைவெளி கண்ணை உறுத்தினால் 4 அங்குலப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்குறூ போடலாம். பழைய பலகை தேய்ந்து முக்கால் அங்குலமாகியிருந்தால் புதிய பலகையையும் அந்த மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும். தீராந்தியைச் செதுக்காதீர்கள். தூண் உச்சியை அளக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்தால் போதும்.

பலகை

6 அங்குலப் பலகையைச் சீவினால் ஐந்தேமுக்கால் வரும். கால் அங்குல இடைவெளியோடு 9 அடிக்கு 18 வரிசை. நீளம் 252 அடி, சேதத்தோடு 280 வாங்குங்கள். இடைவெளியைப் பற்றி ஓடாவியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நன்கு காய்ந்த மரமானால் கால் அங்குலம் சரி. வாளில் அறுத்து ஈரத்தோடு வந்த மரமானால் ஒட்டியே போடலாம்; கச்சானில் காய்ந்து தானாகவே கால் அங்குலம் ஒடுங்கும். ஈர மரத்துக்கும் கால் அங்குலம் விட்டால் ஆடியில் பார்க்கும்போது கதிரைக் கால் இறங்குமளவுக்கு விரிந்திருக்கும். காய்ந்த மரத்தை ஒட்டிப் போட்டால் மார்கழியில் வீங்கி ஒன்றையொன்று நெருக்கித் தூக்கும்.

ஒவ்வொரு தீராந்தியிலும் இரண்டு ஸ்குறூ, ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே. மொத்தம் 432, ஒரு 500 பெட்டி. நீளம் இரண்டரை அங்குலம். கடலுக்கும் வாவிக்கும் கிட்டவென்றால் 316 தர ஸ்டெயின்லெஸ். 304 தரம் நிற்கும், பழுப்புக் கறை விடும். மஞ்சள் நிறமாக மின்னும் சாதாரண ஸ்குறூ இங்கே தலை துருப்பிடித்து உடைந்துபோகும். பலகையைக் கழற்றவும் முடியாது. ஸ்குறூத் தலை பலகை மட்டத்தோடு நிற்கட்டும். ஆழமாக இறக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும்.

வார்னிஷ் பூசாதீர்கள். வெயிலில் தோல் போல் உரியும், உரிந்ததைச் சுரண்டாமல் மறுபடி பூச முடியாது. டெக்குக்கென்று விற்கும் எண்ணெய் பூசினால் வருடம் ஒரு முறை, மாரிக்கு முன் கழுவிப் பூசினால் போதும். வெறும் ஆளிவிதை எண்ணெய் நம் மாரியில் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கைபிடி

வெளி விளிம்பு 5 அடிக்கு மேல் உயரம். குழந்தை விழுந்தால் சரிவில் உருண்டு தண்ணீருக்குப் போகும் இடம். உயரம் 3 அடி 6 அங்குலம், கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்குக் குறைவு, குறுக்குச் சட்டம் வேண்டாம், பிள்ளைகள் ஏணியாக ஏறுவார்கள். கைபிடி உடையும் இடம் கைபிடியில் இல்லை, அதன் கால் டெக்கைப் பிடிக்கும் இடத்தில். ஒரு ஆள் சாய்ந்து 200 இறாத்தல் தள்ளினால், 6 அங்குல முகப்பில் மூன்றரை அங்குல இடைவெளியில் போட்ட இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்கு 2,500 இறாத்தலுக்கு மேல் இழுவை வரும். ஸ்குறூவால் இது நடக்காது. முகப்புப் பலகையையும், அதற்குப் பின்னால் இரண்டு தீராந்திக்கு நடுவே இறுக்கிப் பொருத்திய கட்டையையும் ஊடுருவி 12 மில்லிமீற்றர் போல்ட் போய், பின்னால் 2 அங்குல வொஷரோடு இறுக வேண்டும். அந்தக் கட்டையையும் பக்கத்துத் தீராந்திகளுக்குப் போல்டால் கட்டுங்கள். முகப்புப் பலகையை மட்டும் நம்பினால் அது தீராந்தி நுனியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கால்கள் 5 அடிக்கு மேல் விலக வேண்டாம்.

படிக்கட்டை வெளி விளிம்பில் வைக்காமல் மேட்டுப் பக்கத்துக் கரையோரம் வையுங்கள். அங்கே 3 அடிதான் உயரம், படி பாதியாகக் குறையும். படி ஒவ்வொன்றும் ஒரே உயரம், 7 அங்குலம் அளவில்.

தண்ணீர்

பலகை இடைவெளியால் இறங்கும் மழை, வெறும் மணல் சரிவில் கோடு கோடாக வாய்க்கால் வெட்டும். ஒரே மாரியில் தூணைச் சுற்றி அரையடி போய்விடும். டெக்கின் கீழே, தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோ துணி விரித்து மேலே 3 அங்குலம் சல்லி பரப்புங்கள். கொங்கிரீட் போட்டு மூடினால் தண்ணீர் முழுதும் கீழ் விளிம்பில் சேர்ந்து அங்கே பெரிய குழி தோண்டும். வீட்டுக் கூரைப் பீலியின் குழாய் டெக்கின் கீழே விழுந்தால் அதை முதலில் திருப்பி, வளவின் ஓரமாகக் கொண்டுபோங்கள். வெளிவரிசைக்குக் கீழே சரிவின் குறுக்கே வெட்டிவேரை அரையடிக்கு ஒன்றாக ஒரு வரிசை நட்டால் வேர் நேராக ஆழம் போய் மண்ணைப் பிடிக்கும். கடற்கரை மேட்டில் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் 'துப்புரவு' என்ற பெயரில் பிடுங்காதீர்கள். அந்த மேடு நிற்பதே அவற்றால். வாவி ஓரக் கண்டலை வெட்டுவது சட்டப்படியும் குற்றம்.

அனுமதியும் காலமும்

கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம்; 1981ஆம் ஆண்டுச் சட்டம் கடலோடு சேரும் வாவிகளையும் ஒரு எல்லை வரை உள்ளடக்குகிறது. உங்கள் வளவு அதற்குள் வருகிறதா என்று கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வரைபடத்தைக் கொடுங்கள். வளவின் கீழ் எல்லைக் கல் எங்கே என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் வரை எங்களுடையது என்று நினைத்திருப்போம், காணி உறுதிப் பத்திரத்தில் ஒதுக்கீட்டு நிலம் விட்டிருக்கும்.

அத்திவாரத்தை ஆடி, ஆவணியில் முடியுங்கள். நிலத்தடி நீர் அப்போதுதான் தாழ்ந்திருக்கும். புரட்டாதிக்குள் மர வேலை முடிந்து ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய் பூசியிருக்க வேண்டும். முதல் மாரி முடிந்து தையில் ஒரு முறை கீழே போய்ப் பாருங்கள்: தூணைச் சுற்றி மண் இறங்கியிருந்தால் கிரவலால் நிரப்பி இடித்து இறுக்குங்கள், இரண்டு தளத்தின் மட்டத்தை நூல் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். அடுத்து வரும் கச்சானில் மரம் ஒடுங்கி எல்லாப் போல்ட்டும் தளர்ந்திருக்கும். ஸ்பானரை எடுத்துச் செருப்பிலிருந்து கைபிடி வரை ஒவ்வொன்றையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும்.